சாம்பிள் அரண்மனை

அரண்மனை என்றால் என்ன என்பதை மனித குலம் நெடுங்காலமாகத் தவறாகவே புரிந்துகொண்டிருந்தது. கட்டியவர்கள் எல்லாம் அதற்குள் போய்க் குடியிருந்தார்கள். குடியிருந்ததால் சுவரில் எண்ணெய்த் தலை பட்டது, திரைச்சீலை கிழிந்தது, மெத்தை அமுங்கியது, கடைசியில் சாம்ராஜ்யமே போய்ச் சேர்ந்தது. இந்தத் தவறைத் திருத்தி, ஆள் படாத அரண்மனை ஒன்றை உலகத்துக்கு வழங்கிய பெருமை, ஆம்பூர் பைபாஸை ஒட்டியிருக்கும் எங்கள் ஷூ கம்பெனிக்கே உரியது. கம்பெனியின் பெயரைச் சொல்லமாட்டேன். எங்கள் நிர்வாகம் புகழை விரும்புவதில்லை. புகைப்படத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

நான் அங்கே சாம்பிள் ரூமில் அட்டை கட்டுகிறவள். அட்டை என்றால் சாதாரண அட்டை இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் நாங்கள் ஒரு ஜோடி தைத்துக் காட்டுவோம். வாங்க வந்த பையர் பார்த்து 'அப்ரூவ்டு' என்று சொன்ன நொடியில் அந்த ஜோடி ஷூவாக இருப்பதை நிறுத்திவிட்டு சாம்பிள் ஆகிவிடும். அதன் வயிற்றில் மெல்லிய காகிதத்தைத் திணித்து, ஈரம் இழுக்கும் குட்டிப் பொட்டலம் ஒன்றைப் போட்டு, வாரில் அட்டையைக் கட்டி, கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டுவோம். அதைப் பார்த்துப் பத்தாயிரம் ஜோடி தைக்கலாம். அதை மட்டும் யாரும் போடக்கூடாது. கால் பட்டால் சாம்பிள் செத்துவிடும்.

இந்த வேதத்தை எங்களுக்கு ஓதியவர் ஜி.எம். தனகோடி சார். இதே சாம்பிள் ரூமில் பசை தடவ வந்து, படிப்படியாக ஜி.எம். ஆனவர். வீட்டில் முதல் இட்லியை அவர் சாப்பிடமாட்டார் என்றும், தட்டோரமாக ஒதுக்கி வைத்து மற்ற இட்லிகளை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தே சாப்பிடுவார் என்றும் கேண்டீனில் பேசிக்கொள்வார்கள். நான் நம்புகிறேன்.

அரண்மனைக்கு அடிக்கல் நாட்டியவர் இத்தாலியிலிருந்து வந்த பையர் அம்மாதான். அவருக்கே அது தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் செக்‌ஷனைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தவர், மேசைகளுக்கு அடியில் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்து நின்றுவிட்டார். செருப்பில்லாத கால்கள். ஷூ கம்பெனியில் அது கண்ணில் படத்தான் செய்யும்.

"இவர்கள் ஏன் தரையில் படுத்திருக்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எச்.ஆர். ஹேமந்த் சார் முன்னால் வந்தார். வயது குறைவு, படிப்பு அதிகம். "எங்கள் கலாச்சாரம், மேடம்" என்றார்.

"ஓ! உங்கள் வீட்டிலும் மேசைக்கு அடியில்தானா?"

ஹேமந்த் சாரின் கலாச்சாரம் தடுமாறியது. தனகோடி சார் சட்டென்று ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "ரெஸ்ட் பில்டிங், அண்டர் கன்ஸ்ட்ரக்‌ஷன்" என்றார். அவர் காட்டிய இடத்தில் ஒரு வெள்ளாடு மேய்ந்துகொண்டிருந்தது. பையர் அம்மா ஆட்டை நீண்ட நேரம் பார்த்தார். "அடுத்த முறை வரும்போது பார்க்கிறேன்" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் எங்கள் நிர்வாகத்துக்கு நிகரில்லை, கேட்டவர் வெளிநாட்டுக்காரராக இருந்தால். மறுவாரமே செங்கல் லாரி வந்தது.

செங்கல்லைப் பார்த்து எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் பூங்குழலி. ஒடுகத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். ஷூவின் மேல்தோலான அப்பரைத் தைக்கும் லைனில் இருக்கிறாள். கட்டிடம் தொடங்கும்போது அவளுக்கு மூன்றாம் மாதம். வளர வளரக் கால் வீங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "மத்தியானம் அரை மணி நேரம் இடது பக்கமா சாஞ்சு படுக்கணும். முடியாதுன்னா வேலைய விட்டுடு" என்று சொல்லிவிட்டார். பிரசவ லீவுக்கு முன்பே நின்றால் திரும்பச் சேர்ப்பார்கள் என்பதற்கு எந்தச் சாமியும் உத்தரவாதம் தராது. அதனால் அவள் ஸ்டோருக்குப் பின்னால் சோல் வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து அதில் படுத்துக்கொண்டிருந்தாள். சிமெண்டின் குளிர் அட்டையைத் துளைத்துக்கொண்டு வரும். எறும்பும் வரும்.

"கட்டில் போடுறாங்களாம் முபஷ்ஷிராக்கா" என்பாள்.

முபஷ்ஷிரா அக்கா லைனில் அவளுக்குப் பக்கத்து மிஷின். பேரணாம்பட்டுப் பக்கம். வாய் மட்டும் தனியாக ஒரு மிஷின். "போடட்டும்டீ. நம்மளப் படுக்க வுடுவானுங்களா பாப்போம்" என்பார்.

"கட்டில் போட்டுட்டுப் படுக்க வுடாம இன்னாக்கா பண்ணுவாங்க?"

அப்போது எங்களுக்கு அவ்வளவு கற்பனை கிடையாது.

சுவர் எழும்பியதும் பெயர் சூட்டு மீட்டிங் கூடியது. மீட்டிங் என்றால் மேசைமேல் ஒரு நல்ல சாம்பிள் இருக்க வேண்டும், அதை யாரும் விரல் வைத்து அழுத்தாமல் பார்த்துக்கொள்ள சாம்பிள் ரூமிலிருந்து ஒருத்தி சுவரோரம் நிற்க வேண்டும் என்பது ஜி.எம். விதி. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் எல்லா மீட்டிங்குக்கும் நானே தகுதி பெற்றிருந்தேன்.

"வெல்னஸ் ஹப்" என்று ஆரம்பித்தார் ஹேமந்த் சார்.

"ஹப்பா? அணைக்கட்டு ஊரு பஸ்ல வர்றவங்க வாயில நொழையுமா அது? வேற சொல்லு" என்றார் தனகோடி சார்.

"ரெஸ்ட் ரூம்?"

"ரெஸ்ட் ரூம்னா வெள்ளக்காரங்க பாத்ரூம்னு நெனச்சுக்குவாங்க."

"அப்ப நம்ம பாத்ரூமுக்கு இன்னா பேரு சார் வெச்சிருக்கோம்?"

"அதுக்கு எதுக்குப் பேரு? போறதுக்கு டோக்கன் குடுத்திருக்கோம்ல."

பெயர் வைப்பது பெரிய படிப்பாளிகளின் வேலை என்று முடிவாயிற்று. மேல்விஷாரத்திலிருந்து மக்பூல் அகமது என்ற பேராசிரியரைக் கார் அனுப்பி வரவழைத்தார்கள். ஓய்வு பெற்றவர். உருதும் பாரசீகமும் படித்தவர். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்.

"சராய்."

ஹேமந்த் சார் எழுதிக்கொண்டார்.

"பாரசீகச் சொல்லு, ஜனாப். வீடுன்னு அர்த்தம். பெரிய வீடு, மாளிகை, அரண்மனை."

தனகோடி சாரின் முகம் நல்ல பாலிஷ் போட்ட தோல்போல மின்னியது.

பேராசிரியர் உற்சாகமானார். "ஆனா இந்தச் சொல்லு அரண்மனையிலேயே குந்தினு இருக்கல. ஒட்டகத்து மேல ஏறிடுச்சு! பாலைவனத்துல வியாபாரிங்க ராத்தங்க கட்டின எடத்துக்கும் அதே பேரு வந்துச்சு. துருக்கில சுல்தான் வூடாவே நின்னுடுச்சு. ஐரோப்பால ஒரு பெரிய ஊரு பேருக்குள்ளயே பூந்துக்கிச்சு. நம்ம ஹிந்துஸ்தானத்துக்கு வந்ததும் ரோட்டோரத்துச் சத்திரமா ஆச்சு. வழிப்போக்கன், வியாபாரி, பக்கிரி, யார் வேணா வந்து படுக்கலாம். யாருன்னு கேக்கமாட்டாங்க. ராஜா வூடாப் பொறந்து, ஊரு சனத்துக்கு வூடா வளந்த சொல்லு இது. அதுல இன்னா விசேஷம்னா—"

ஹேமந்த் சார் கடிகாரத்தைப் பார்த்தார். "சார், ஷார்ட்டா, ஒரே வார்த்தைல மீனிங் சொல்லுங்க. போர்டுக்கு."

"அரண்மனை, அப்பறம் சத்தி—"

"அரண்மனை. போதும் பாய்" என்றார் தனகோடி சார். "அதோட நிறுத்திக்கலாம்."

"இன்னும் சத்திரத்துக்கு வரலியே, ஜனாப்."

"பட்ஜெட் அதோட நின்னுடுச்சு பாய்."

இவ்வாறு, ஈரானில் ஏறி எத்தனையோ நாடு சுற்றி ஆம்பூர்வரை வந்து சேர்ந்த ஒரு சொல்லின் பயணத்தில், எங்கள் நிர்வாகம் முதல் நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டது. பேராசிரியருக்குச் சால்வை போர்த்தி, ஒரு ஜோடி ஷூ பரிசளித்தார்கள். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது இரண்டும் இடது கால். சாம்பிளுக்கு நல்ல கால்களைப் பொறுக்கியதில் மிச்சம்.

விஷயம் லைனுக்குப் பரவியபோது பூங்குழலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சராயா? எங்க தாத்தா டவுசருக்கு சராய்னுதான் சொல்லுவாரு. ரெஸ்ட் எடுக்க டவுசருக்குள்ள போவணுமாக்கா?"

"அடிப் போடி. எங்க பாஷைல சராய்னா முசாபருங்க, வழிப்போக்கருங்க தங்கற எடம். யார் வேணா போய்ப் படுக்கலாம்" என்றார் முபஷ்ஷிரா அக்கா.

"யார் வேணாலுமா?"

"யார் வேணாலும்."

அவள் அதை இரண்டு முறை கேட்டாள். பிறகு மிஷினை வேகமாக மிதித்தாள்.

கட்டிடம் முடிந்தது. கம்பெனியில் இல்லாத எல்லாம் அதில் இருந்தன. வழவழப்பான டைல்ஸ், ஏ.சி., வடிகட்டிய தண்ணீர், ஆறு கட்டில், ஆறு மெத்தை, கிரீம் கலர் திரைச்சீலை. வாசலில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பாரசீக எழுத்திலும் தங்க நிறத்தில் 'சராய்'. ஹேமந்த் சார் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்து நடந்து இத்தாலிக்கு நேரலையில் காட்டினார். போனுக்குள்ளிருந்து பையர் அம்மாவின் குரல் வந்தது.

"பியூட்டிஃபுல்! அப்ரூவ்டு!"

பையர் அம்மா இந்தச் சொல்லை வெகுளியாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டவர் யார் என்று யோசிக்க வேண்டும். தனகோடி சாரின் உடம்பு விறைத்தது. பசை தடவிய காலத்திலிருந்து அந்தச் சொல் காதில் விழுந்ததும் கை தானாகச் செய்கிற காரியம் ஒன்றுண்டு. அவர் என் பக்கம் திரும்பினார்.

"அட்டை எடுத்துனு வாம்மா."

நான் எடுத்துக்கொண்டு போனேன். ஆர்டிகிள்: சராய். கலர்: கிரீம். சைஸ்: ஆறு கட்டில். நிலை: அப்ரூவ்டு. கதவுக் கைப்பிடியில் கட்டினேன். தலையணை உறைகள் அமுங்காமல் இருக்க உள்ளே காகிதம் திணித்தோம். மெத்தைக்கு அடியில் ஈரம் இழுக்கும் பொட்டலங்களை வைத்தோம். ஆறு கட்டிலுக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டினோம். தனகோடி சார் தன் கையால் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, கண் கலங்கினார். "முப்பது வருஷத்துல இவ்ளோ பெரிய சாம்பிள் நான் பண்ணதில்ல."

மதியச் சங்கு ஊதியது. பூங்குழலி டிபன் பாக்ஸோடு வாசலில் வந்து நின்றாள்.

"சார், கொஞ்சம் படுக்கணும்."

"எதுலம்மா?"

"கட்டில்ல சார்."

தனகோடி சார் சிரித்தார். கோபமே இல்லை. தொழில் தெரியாத குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல. "இது சாம்பிள்மா."

"அப்ப நாங்க படுக்கறதுக்கு?"

"அது ப்ரொடக்‌ஷன். சாம்பிள் அப்ரூவ் ஆயிடுச்சில்ல, ஆர்டர் வரட்டும்."

"ஆர்டர் யார் சார் குடுப்பாங்க?"

"பையர்தான்."

"பையரு எதுக்கு சார் நாங்க படுக்கறதுக்கு ஆர்டர் குடுப்பாங்க?"

"அதான் நானும் யோசிக்கறேன். கம்மிதான் சான்ஸ்."

அவள் ஸ்டோருக்குப் பின்னால் போய் அட்டைப்பெட்டியை விரித்தாள். ஒரு வசதி மட்டும் கூடியிருந்தது என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். சராயின் பின்சுவர் நிழல் இப்போது அவள்மேல் விழுந்தது.

தொழிலாளர்கள் முணுமுணுப்பதை ஹேமந்த் சார் கவனித்தார். கவனித்துவிட்டுச் சும்மா இருக்கிறவர் இல்லை. 'மனவழி ஓய்வு' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். லைன் லைனாக வந்து, சராயின் ஜன்னல் கண்ணாடி வழியாகக் கட்டிலை உற்றுப் பார்த்து, மூச்சை இழுத்துவிட்டு, "நான் படுத்திருக்கிறேன்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். கண்ணாடியில் மூக்கு படக்கூடாது.

"இன்னாடீ, படுத்துட்டியா?" என்று கேட்டார் முபஷ்ஷிரா அக்கா.

"படுத்துட்டேங்கா. கால்தான் இன்னும் நின்னுனே இருக்குது" என்றாள் பூங்குழலி.

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் பஸ் ஏறும்போது கால் செருப்புக்குள் நுழையவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். "இந்த வாரத்தோட நின்னுடலாம்னு இருக்கேங்கா" என்றாள். முபஷ்ஷிரா அக்கா பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருந்தால் நிர்வாகம் கவலைப்பட வேண்டும். நிர்வாகத்துக்கு அது தெரியாது.

மறுநாள் காலை அவர் நேராக ஜி.எம். ரூமுக்கே வந்துவிட்டார். அங்கே நான் சாம்பிள்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், ஒரு டவுட்டு. வியர் டிரையல் பண்ணாம ஆர்டிகிள மூடி வெக்கலாமா?"

தனகோடி சார் நிமிர்ந்தார். வியர் டிரையல் என்பது எங்கள் வேதத்தின் இரண்டாம் பாகம். சாம்பிளோடு செய்த இன்னொரு ஜோடியை, அளவு பொருந்திய ஒரு ஆளுக்குக் கொடுத்து, நடக்கவிட்டு, எங்கே கடிக்கிறது என்று கேட்டு எழுதுவார்கள்.

"எந்த ஆர்டிகிளு?"

"சராய் சார். நாளைக்கு பையரம்மா வந்து, மெத்தை எப்படி இருக்குது, தலகாணி கடிக்குதான்னு கேட்டா நீங்க இன்னா சொல்லுவீங்க? டிரையல் பண்ணலன்னா சொல்லுவீங்க? நீங்களா? தனகோடி சாரா?"

அவர் முகம் வெளுத்தது. தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைகூட டிரையல் இல்லாமல் எதையும் மூடியதில்லை. "ஆறுல ஒரு கட்டில டிரையலுக்கு ஒதுக்கிடலாம். கரெக்டான சைஸ்ல ஆள் வேணுமே."

"இருக்குது சார்."

"சைஸ் இன்னா?"

"ஏழாவது மாசம் சார்."

இவ்வாறாக பூங்குழலி அன்று மதியம் ஏ.சி.யில், நிஜக் கட்டிலில், இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தாள். அரை மணி கழித்து ஹேமந்த் சார் பேனாவும் கையுமாக உள்ளே போனார்.

"எங்கயாவது கடிக்குதா?"

"இல்ல சார்."

"முன்பக்கம் டைட்டா இருக்கா?"

"முன்பக்கம் புள்ள இருக்குது சார்."

"ஓவரால், கம்ஃபர்ட் எப்படி?"

பூங்குழலி யோசித்தாள். முபஷ்ஷிரா அக்கா சொல்லிக்கொடுத்ததை நினைவுபடுத்திக்கொண்டாள். "ஒரு நாள்ல தெரியாது சார். நாளைக்குப் படுத்துட்டு சொல்றேன்."

மறுநாளும் அவளுக்குத் தெரியவில்லை. அதற்கடுத்த நாள் தலையணை நன்றாக இருந்தது, மெத்தையைப் பற்றித்தான் இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. வியாழக்கிழமை மெத்தை தெளிவாயிற்று, ஃபேன் காற்றில் சந்தேகம் வந்தது. இப்படி ஒவ்வொரு மதியமும் ஒரு சந்தேகத்தை மிச்சம் வைத்தே எழுந்து வந்தாள். கால் வீக்கம் வடிந்தது. செருப்பு நுழைந்தது.

கத்திரி வெயிலில் பையர் அம்மா வருகிற தேதி வந்தது. உடனே டிரையல் முடிந்ததாக அறிவித்து, கட்டிலைத் துடைத்து, பிளாஸ்டிக் மாட்டி, பூங்குழலியை அட்டைப்பெட்டிக்கே திருப்பி அனுப்பினார்கள். பேராசிரியருக்கும் கார் போனது. அவர் செருப்போடு வந்தார்.

சென்னையிலிருந்து பாதி சாலையில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பையர் அம்மா வந்து இறங்கும்போதே வாடியிருந்தார். மரியாதை தெரிந்த நிர்வாகம் அவருக்கு ஆம்பூர் பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் போட்டது. பிறகு சராய் திறக்கப்பட்டது. பிளாஸ்டிக் உரிக்கப்பட்டது. பேராசிரியர் பெயரின் பொருளைச் சொல்ல ஆரம்பித்ததும் பையர் அம்மா கை தட்டினார்.

"இந்தச் சொல் எங்களிடமும் இருக்கிறது! நாங்கள் துருக்கியர்களிடம் வாங்கினோம். ஆனால் எங்கள் மொழியில் பூட்டுவதற்கு இதுபோலவே ஒரு சொல் உண்டு. எங்கள் ஆட்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். அதனால் எங்களுக்கு அது பெண்களைப் பூட்டி வைக்கும் இடம். சர்க்கஸ் மிருகங்களை அடைக்கும் இடம்கூட." சிரித்தார். "அரண்மனைக்குப் போய்ப் பூட்டு! என்ன முட்டாள்தனம் பாருங்கள்."

தனகோடி சார் கையிலிருந்த பூட்டை மெதுவாகப் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டு தானும் சிரித்தார்.

"நான் கொஞ்சம் படுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார் பையர் அம்மா. கேட்டுவிட்டுப் படுத்தே விட்டார். பிரியாணிக்கு முன்னால் இத்தாலி எம்மாத்திரம். வலது பக்கமாகத் திரும்பியவர் அடுத்த நிமிடம் குறட்டை விட்டார்.

நாங்கள் எல்லோரும் வாசலில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அப்போதுதான் பூங்குழலி வந்தாள். வெயிலில் தலை சுற்றியிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தவள், சராயின் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாளா என்று தெரியாது. உள்ளே போனாள். அடுத்த கட்டிலில் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டாள்.

தனகோடி சார் இரண்டு கையையும் தூக்கினார். வாயைத் திறந்தார். பையர் தூங்கும்போது சத்தம் போட எந்த வேதத்திலும் இடமில்லை. வாயை மூடினார்.

ஒருத்தி வலது, ஒருத்தி இடது. முகத்துக்கு முகம். அப்படி ஒரு பொருத்தமான ஜோடியை எங்கள் சாம்பிள் ரூம் அதுவரை செய்ததில்லை.

பையர் அம்மா விழித்தபோது எதிரே பெரிய வயிறு ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்து உட்கார்ந்து அதையே பார்த்தார். போனை எடுத்துப் படம் பிடித்தார். கிசுகிசுப்பாக, "இதுதான் நான் கேட்டது. இப்படியே இருக்கட்டும். அப்ரூவ்டு" என்றார்.

தனகோடி சார் என் பக்கம் திரும்பினார். பழைய அட்டை ரத்து. புது சாம்பிளில் ஒரு கர்ப்பிணியும் சேர்த்தி.

"அட்டை எங்க சார் கட்டறது?"

"கால்லதான். வேற எங்க கட்டுவாங்க?"

பூங்குழலியின் கால் கட்டைவிரலில், தூக்கம் கலையாமல், தளர்வாகக் கட்டினேன்.

அன்றிலிருந்து லீவு தொடங்கும் வரைக்கும் அவள் மதியம் படுக்காமல் தப்பவே முடியவில்லை. ஒரு நிமிடம் தாமதமானாலும் ஹேமந்த் சார் லைனுக்கே ஓடிவருவார். "பூங்குழலி! தூங்க டைம் ஆச்சு! இன்னா விளையாடறியா?" முபஷ்ஷிரா அக்கா ஒரு நாள் பக்கத்துக் கட்டிலில் உட்காரப் பார்த்தார். "போட்டோல நீ இல்லியேம்மா" என்று தனகோடி சார் மரியாதையாக எழுப்பிவிட்டார். மற்ற ஐந்து கட்டிலும் பிளாஸ்டிக்கோடு இருந்தன. நாங்கள் மேசைக்கடியில் இருந்தோம்.

பூங்குழலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. லைன் முழுக்கச் சாக்லேட். ஜி.எம். ரூமில் மட்டும் துக்கம். சாம்பிள் காலி. தொழிலாளர் வசதிகளைச் சோதிக்க எந்த நேரமும் ஆடிட் வரலாம். ஹேமந்த் சார் மைக்கில் அறிவித்தார்: "ஏழாவது மாதத்தில் இருப்பவர்கள், இடது பக்கம் படுக்கத் தெரிந்தவர்கள், உடனே எச்.ஆர். அலுவலகத்தை அணுகவும்."

யாரும் அணுகவில்லை. முபஷ்ஷிரா அக்கா மட்டும் எழுந்து நின்றார். "சார், உங்க சாம்பிளுக்கோசரம் நாங்க மாசமாவ முடியாது!"

லைனே சிரித்தது. ஆனால் சிக்கல் வந்தால் தீர்க்கத் தெரிந்தவரைத்தான் ஜி.எம். ஆக்குவார்கள். தனகோடி சார் ஹேமந்த் சாரைக் காரில் ஒடுகத்தூருக்கு அனுப்பினார். புகைப்படத்தில் பூங்குழலி கட்டியிருந்த கிளிப்பச்சைப் புடவை வேண்டும். போனபோது அந்தப் புடவை உத்தரத்தில் தூளியாகத் தொங்கிக்கொண்டிருந்ததாம். உள்ளே குழந்தை. ஹேமந்த் சார் குழந்தையை மிகுந்த பக்குவத்தோடு வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டு, புடவையை அவிழ்த்துக்கொண்டு, பதிலுக்குக் கம்பெனி பெட்ஷீட் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஷூ வயிற்றில் திணிக்கிற காகிதத்தை உருட்டி உருட்டி நான்தான் உடம்பு செய்தேன். புடவையைச் சுற்றினேன். வயிற்றுக்குத் தலையணை. இடது பக்கமாகச் சாய்த்து, முகம் தெரியாமல் போர்த்தி, காலில் அட்டையைக் கட்டினேன். ஆடிட்காரர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்து, தூங்குகிறவளை எழுப்ப வேண்டாம் என்று விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஓய்வு வசதிக்கு முழு மதிப்பெண். இப்போது திருப்பத்தூர் ரோட்டில் இருக்கும் எங்கள் இரண்டாவது யூனிட்டிலும் ஒரு சராய் கட்டுகிறார்கள். அங்கேயும் உடம்பு செய்ய என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

போன திங்கட்கிழமை பூங்குழலி வேலைக்குத் திரும்பினாள். மதியச் சங்கு ஊதும்போது அவளுக்குப் பால் கட்டி, மார்பு கல்லாகி, ஜாக்கெட் நனைந்திருந்தது. துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சராய் வாசலுக்கு வந்தாள். பாலைப் பீய்ச்சிவிட்டுக் கொஞ்சம் சாயக் கதவு மூடிய ஓர் இடம் வேண்டும். பழகிய இடம்தானே என்று நினைத்திருப்பாள். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். அவள் புடவையைக் கட்டிக்கொண்டு, அவள் பக்கமாகவே சாய்ந்து, அவள் கட்டிலில் ஒருத்தி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கா அது?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குத்தான் பேச வராதே.

தனகோடி சார் அந்தப் பக்கமாக வந்தார். "இன்னாம்மா, நல்லாருக்கியா? கொழந்த நல்லாருக்கா?"

"நல்லாருக்கு சார். ஒரு பத்து நிமிஷம் உள்ள போய் இருந்துட்டு வந்துடறேன் சார். முடியல."

அவர் ஜன்னலைக் காட்டினார். குரலில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

"நீதான் ஏற்கெனவே உள்ள படுத்துனு இருக்கியேம்மா."

பூங்குழலி ஸ்டோருக்குப் பின்னால் போய் அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். நான் சாவி வாங்கிக்கொண்டு சராய்க்குள் போனேன். மதியம் ஏ.சி. குளிர் அதிகம் என்பதால், கிளிப்பச்சைப் புடவைக்குப் போர்வையை இழுத்துவிடுவது என் வேலை. இழுத்துவிட்டுப் பூட்டினேன். பாரசீகத்து ராஜாக்கள் எத்தனையோ ராணிகளை அரண்மனைக்குள் வைத்துப் பூட்டியிருக்கலாம். பச்சை உடம்புக்காரியை வெளியே படுக்க வைத்துவிட்டு, அவள் பிள்ளையின் தூளியை உள்ளே வைத்துப் பூட்டுகிற அளவுக்கு அவர்கள் முன்னேறவில்லை. அப்ரூவ்டு.